செவ்வாய்க்கிழமையே தெரியும்

பதினான்கு மாதத்தில் பதினொரு வீடு பார்த்தாகிவிட்டது. ஒன்றில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுச் சண்டைதான் வந்தது. இன்னொன்றில் எல்லாம் சரியாக இருந்தது, சுவரைத் தவிர. விரலால் அழுத்தினால் ஊறிய பிஸ்கட் போல உள்ளே போனது. பிடித்த இரண்டு வீடுகளும், இவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று வீடு திரும்புவதற்குள் கைமாறிப் போயின.

பன்னிரண்டாவது வீட்டைப் பார்த்ததும் அவள் கணவனின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. பஸ் டிரைவர் அவன். பின்னாலிருந்து வரும் சின்னச் சத்தத்துக்கும் அர்த்தம் கண்டுபிடிக்கிற தொழில். கீழே ஒரு சமையலறை, கூடம், பின்னறை. மாடியில் இரண்டு அறை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே வேறு சுவர் இல்லை, வெளிச்சம் இருந்தது. மகள் மாடிக்கும் கீழுக்கும் நாலு தடவை ஓடி, "இதாம்மா, இதாம்மா" என்றாள்.

"முடிஞ்சாச்சு!" என்றார் தரகர். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். விலை பேசத் தொடங்கும் முன்பே முடிஞ்சாச்சு, மழை வருமா என்று கேட்டாலும் முடிஞ்சாச்சு. இவர்கள் வீட்டில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

பின்னறை மட்டும் பூட்டியிருந்தது. "பழைய சாமான் சார், போட்டு வெச்சிருக்காங்க" என்றார் முடிஞ்சாச்சு.

வீடு அப்பா வழியில் அக்கா, தம்பி இருவர் பேரில் இருந்தது. தம்பிதான் எல்லாம் பேசினார். இஸ்திரி போட்ட சட்டை, மெல்லிய குரல், எதிராளி உட்காரும் வரை தான் உட்காராத மரியாதை. "அக்கா ஊர்ல இல்ல. அவங்களுக்குப் பூரண சம்மதம். பதிவு அன்னிக்கு வந்து கையெழுத்துப் போட்டுடுவாங்க" என்றார். இவர்களுடைய வக்கீலம்மா பத்திரங்களை மூன்று நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, வில்லங்கம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வங்கியும் தலையாட்டியது. ஆனால் அந்தத் தலையாட்டலுக்கு ஒரு கெடு இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதிவு முடிய வேண்டும். தவறினால் எல்லாக் காகிதத்தையும் மறுபடி முதலிலிருந்து கொடுக்க வேண்டும், வட்டியும் புது வட்டி.

இன்னொரு கெடுவும் இருந்தது. குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லியிருந்தார். மகன் குடும்பத்தோடு வந்து தங்கப் போகிறானாம். பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, மூட்டை கட்டியாச்சா?" என்று கேட்பார். அந்தச் சிரிப்புக்குத் திட்டினாலே தேவலை என்று அவளுக்கு இருக்கும்.

பதிவு வியாழக்கிழமை என்று முடிவானது.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. கண் சோதிப்பது, லென்ஸ் சில்லு தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது, எல்லாம் பதினேழு வருஷ அனுபவம். யாராவது கண்ணாடி போட்டுக்கொண்டு எதிரே வந்தாலே பவர் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். கடையில் அவளைக் கூப்பிடுவதே 'பவர்' என்றுதான். அலமாரி செய்கிறவன் சமையலறை ஜன்னலின் அளவு வேண்டும் என்று கேட்டிருந்தான். சாவி எதிர்த்த தையல் கடையில் இருக்கும் என்று முடிஞ்சாச்சு சொல்லியிருந்தார்.

தையல்காரர் ஊசியை வாயில் கவ்வியபடி நிமிர்ந்தார். "சாவி எதுக்கு? உள்ள ஆள் இருக்காங்களே."

கதவைத் தட்டினாள். திறந்தது அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். நரைத்த முடியை இறுக்கிக் கட்டி, தோளில் சால்வை போட்டிருந்தார். முகத்தைப் பார்ப்பதற்கு முன் கண்ணாடிதான் அவள் கண்ணில் பட்டது. எட்டு வருஷத்துக்குக் குறையாத கண்ணாடி. வலது பக்கச் சில்லு கீறல் விழுந்து மங்கியிருந்தது. இரண்டு கண்மணியிலும் பால் படர்ந்தது போல ஒரு வெளுப்பு.

"மாடிக்குக் குடி வர்றவங்களா? தம்பி சொன்னான். வாங்க வாங்க."

அவளுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. இவர்தான் அந்த அக்கா என்று புரிந்தபோது அளவு நாடாவைப் பைக்குள் திணித்தாள்.

"நீங்க... ஊர்ல இல்லன்னு சொன்னாங்க."

"மூணு வாரம் சிநேகிதி வீட்டுல இருந்தேன். ஞாயித்துக்கிழமைதான் வந்தேன். உக்காரும்மா, டீ போடறேன். குரல் நல்லா இருக்கு உனக்கு. நாப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை எனக்கு. ஆள மறந்துடுவேன், குரல மறக்க மாட்டேன்."

பின்னறை திறந்திருந்தது. சாமான் எதுவும் இல்லை. ஒரு கட்டில், ரேடியோ, சுவரோரம் வரிசையாகச் செருப்புகள். அந்த அம்மாள் டீயை ஊற்றும்போது ஆள்காட்டி விரலைக் கோப்பையின் விளிம்புக்குள் விட்டுக்கொண்டார். சூடு விரலைத் தொட்டதும் நிறுத்தினார். கண்ணால் அளக்க முடியாதவர்கள் செய்கிற வேலை அது.

"வியாழக்கிழமை ஏதோ கையெழுத்துப் போடணுமாம்ல? வாடகைப் பத்திரம். மாடியில எனக்கும் பாதி இருக்கே, அதனால. நல்லது. இவ்வளவு பெரிய வீட்டுல ஒண்டியா இருந்து எனக்கும் சலிச்சுப் போச்சு. பொண்ணு இருக்கா உனக்கு?"

"இருக்கா. எட்டு வயசு."

"ஓடியாடட்டும். எனக்குச் சத்தம் பிடிக்கும்."

சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றது. டீயோடு சேர்த்து அதையும் விழுங்கினாள். பிறகு, அவளே பின்னாளில் நம்ப முடியாத ஒரு காரியம் செய்தாள். எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலை அளந்தாள். நாடா உருவும் சத்தம் கேட்டு அந்த அம்மாள், "என்ன அளக்கற?" என்று கேட்டார்.

"சும்மாதான். மாடி ஜன்னலும் இதே அளவுன்னு சொன்னாங்க. திரைத்துணி வாங்கணும்."

"மாடி ஜன்னல் சின்னதாச்சே" என்றார் அவர், ஒன்றும் சந்தேகப்படாமல்.

சாயந்திரம் கணவன் வேலை முடித்து வந்ததும், மகளை மொட்டை மாடிக்குத் துணி எடுக்க அனுப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே கேட்டான். பாதி அவிழ்த்த நாடா கையிலேயே நின்றது.

"நாம ஏதாவது தப்பு பண்ணினோமா?"

"இல்ல."

"பொய் சொன்னது யாரு? அவங்க தம்பி. ஏமாந்தது யாரு? அவங்க. நடுவுல நாம யாரு? கையெழுத்துப் போடறதுக்கு முன்னால அதிகாரி கேப்பாரு, தெரிஞ்சுதான் போடறீங்களான்னு. அது அவரு வேல."

"அந்தம்மாவுக்குப் படிக்க முடியாதுங்க. கண்ணுல புரை."

"உனக்கு எல்லாரும் பேஷண்ட்டுதான்" என்றான் எரிச்சலோடு. பிறகு குரலைத் தாழ்த்தினான். "இன்னும் பத்து நாள்ல தெருவுல நிப்போம். புரியுதா? சாமானோட."

அவன் முடிஞ்சாச்சுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "சார், அது அவங்க குடும்ப விஷயம். அக்காவத் தம்பி தன் வீட்டுல வெச்சுப் பாத்துக்கப் போறாரு. நமக்கு எதுக்கு? முடிஞ்சாச்சு சார்!"

புதன்கிழமை கடையில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடது சில்லை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் தலை சுற்றுகிறது என்று திரும்பி வந்த பிறகு கழற்றி மாற்றினாள். மதியம் வக்கீலம்மாவைக் கூப்பிட்டாள். நேராகக் கேட்கத் துணிவில்லை.

"மேடம், அந்த அக்காவுக்கு எல்லாம் தெரியும்தானே?"

"கையெழுத்துப் போட்டா தெரிஞ்சதாத்தான் அர்த்தம்மா. ஏன், ஏதாவது கேள்விப்பட்டீங்களா?"

போனைக் கையில் பிடித்தபடி கடைச் சுவரில் இருந்த கண் சோதனைப் பலகையைப் பார்த்தாள். கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துகள்.

"இல்ல மேடம். சும்மா கேட்டேன்."

அந்தப் பதிலைச் சொன்னதும் வந்த நிம்மதியை அவள் உடனே வெறுத்தாள். ஆனாலும் அது நிம்மதிதான்.

வியாழக்கிழமை காலை பதிவு அலுவலகத்தில் உட்கார இடமில்லை. ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் அதிகாரியின் தலைக்கு மேல். மற்றவர்கள் டோக்கனால் விசிறிக்கொண்டிருந்தார்கள். இவர்களுடையது பதினாறு. ஒன்பது நடந்துகொண்டிருந்தது. கணவன் சுவரில் சாய்ந்து, காலால் தரையில் பிரேக் போட்டுக்கொண்டிருந்தான். பதற்றம் வந்தால் அவனுக்கு அப்படித்தான்.

பத்தரை மணிக்குத் தம்பிக்காரர் வந்தார். அக்காவின் முழங்கையைப் பிடித்து, "ரெண்டு படி இருக்குக்கா, பாத்து" என்று கரிசனமாக அழைத்து வந்தார். மூலையில் ஒரு நாற்காலி பிடித்து உட்கார வைத்தார். அவள் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். பேசாமல் இருந்தால் போதும். பேசாதவரை அந்த அம்மாளுக்கு அவள் யாரென்றே தெரியாது.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதிமூன்றில் ஏதோ தகராறு வந்து கால் மணி நேரம் நின்றது. பதினாலும் பதினைந்தும் மளமளவென்று போயின. 

"பதினாறு!"

அதிகாரி நிமிராமலே கேட்டார். "விக்கறவங்க ரெண்டு பேரும் வந்தாச்சா? பத்திரத்தப் படிச்சீங்களா?"

"நேத்தே படிச்சுக் காட்டிட்டேன் சார். அக்காவுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்" என்றார் தம்பிக்காரர். "விக்கறவங்க" என்ற சொல் அந்த அம்மாளின் காதில் விழுந்திருக்க வேண்டும். தலையைச் சாய்த்தார். அதற்குள் தம்பி, "இங்க எல்லாத்துக்கும் ஒரே பேச்சுதான்க்கா, வாடகையானாலும்" என்று காதோடு சொல்லிக்கொண்டே பேனாவைக் கையில் கொடுத்தார். அக்காவின் விரலைப் பிடித்துக் காகிதத்தின் அடியில் வைத்தார். "இங்கதான். இந்தக் கோட்டு மேல."

பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

கணவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். நாலு நொடி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நாலு நொடி கழிந்தால் அந்த வெளிச்ச ஜன்னல் அவளுடையது.

"அக்கா, போடாதீங்க."

யாரோ பேசியது போல இருந்தது. தன் குரல்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

"இது வாடகைப் பத்திரம் இல்லக்கா. விற்பனைப் பத்திரம். முழு வீட்டையும் எங்களுக்கு விக்கறதா எழுதியிருக்கு."

கணவனின் பிடி இறுகி, பிறகு தளர்ந்தது. தம்பிக்காரரின் மெல்லிய குரல் போன இடம் தெரியவில்லை. "ஏம்மா, உனக்கு என்ன பைத்தியமா? வாங்க வந்தவதானே நீ? யார் வீட்டு விஷயத்துல யார் மூக்க நுழைக்கறது?" பின்னால் நின்ற முடிஞ்சாச்சு வாயைத் திறந்து மூடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. காகிதத்திலிருந்து எடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும்" என்றார். "படி."

அவள் காகிதத்தை எடுத்தாள். முதல் பக்கத்தைப் படித்தாள். எல்லைகள், அளவுகள், இருவர் பேர், தொகை, "எந்தவித நிர்ப்பந்தமும் இன்றி மனப்பூர்வமாக" என்ற வரி.  பதினேழாம் டோக்கன்காரர் கூட முணுமுணுக்காமல் நின்றார்.

"அக்கா, சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் தம்பி. "சொன்னா நீ ஒத்துக்க மாட்ட. தனியா விழுந்து கிழுந்து வெச்சா யாரு பாக்கறது? என் வீட்டுல உனக்கு ரூம் ரெடியா இருக்கு. எனக்கும் ஆயிரம் கஷ்டம்..."

"கேட்டிருந்தா ஒத்துக்கிட்டு இருப்பேனோ என்னவோ. நீ கேக்கவே இல்லயேடா." அவர் தம்பியிடம் அதற்கு மேல் பேசவில்லை. முகத்தை அவள் பக்கம் திருப்பினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

அவளால் அந்த மங்கிய சில்லைப் பார்க்க முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமையே தெரியும்க்கா."

"என் டீயக் குடிச்ச. என் ஜன்னல அளந்த. திரைத்துணின்னு பொய் சொன்ன. ரெண்டு நாள் என்ன பண்ணின?"

அவள் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"வீடு வேணும்னு இருந்தேன்."

 அந்த அம்மாள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். தம்பி முழங்கையைப் பிடிக்க வந்தபோது கையை உதறினார். பக்கத்தில் நின்றவரின் தோளைத் தொட்டு, "ஒரு வண்டி பிடிச்சுக் குடுப்பீங்களா தம்பி?" என்று கேட்டார். அந்தத் தோள் அவள் கணவனுடையது. அவன் ஒரு நிமிடம் விழித்தான். பிறகு, "வாங்கம்மா" என்று கையை நீட்டினான்.

வெள்ளிக்கிழமை வங்கியின் கெடு முடிந்தது. மாதக் கடைசியில் அவர்கள் அவனுடைய டிப்போ நண்பர் ஒருவரின் வீட்டுப் பின்பக்கத்தில் ஒற்றை அறைக்கு மாறினார்கள். பாதிச் சாமான் கட்டிலுக்கு அடியில், மீதி தார்ப்பாய்க்கு அடியில். தையல் கடைக்கு எதிரே இருந்த அந்த வீட்டைப் பற்றி மகள் ஒருமுறை கேட்டாள். அம்மா அவளைத் துணி மடிக்கச் சொன்னாள்.

அங்கே போன பிறகும் கணவன் நாலு நாள் அவளிடம் பேசவில்லை. சோறு போடட்டுமா என்றால் ம், சட்டை எங்கே என்றால் அங்க. ஐந்தாம் நாள் தார்ப்பாயைக் கயிறு கட்டி இறுக்கிக்கொண்டே தானாகச் சொன்னான்.

"படி இறங்கறப்ப நான் யாருன்னு சொன்னேன். அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? உன் பொண்டாட்டியக் கெட்டவன்னு சொல்ல மாட்டேன். நல்லவன்னும் சொல்ல மாட்டேன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்ல? நானும் செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சவன்தானே. வண்டிக்காரன்கிட்ட மெதுவா போகச் சொன்னேன்." முடிச்சுப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தான். "பிடிச்ச கைய விட்டேன்ல, அந்த நேரத்துல? அப்பவும் கோவம்தான் எனக்கு. ஆனா இறுக்கிப் பிடிச்சிருந்தா நீ அந்தப் பத்திரத்தப் படிச்சிருக்க மாட்ட. அதான் விட்டேன்."

அவளுக்கு அன்றுதான் அழுகை வந்தது.

மூன்று மாதம் கழித்து முடிஞ்சாச்சு கண்ணாடிக் கடைக்கே வந்தார். ஃபிரேம் பார்க்கிற சாக்கில் வந்து சேதி சொன்னார். அந்த வீடு விற்றுவிட்டது. அக்காவே முன்னால் நின்று, ஒவ்வொரு வரியையும் இரண்டு வக்கீல்களை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தன் பாதிப் பணத்தைத் தன் பேரிலேயே வாங்கிக்கொண்டு விற்றாராம். கண்ணுக்கு ஆபரேஷனும் ஆகிவிட்டதாம். டெலிபோன் காலத்துச் சிநேகிதியோடு ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறாராம். வாங்கியவர்கள் ஒரு வாத்தியார் தம்பதி. இவர்கள் பேசியதைவிட நல்ல விலை.

"உங்களுக்கு வேணுமான்னு ஏன் கேக்கலன்னு நானே அவங்ககிட்ட கேட்டேன் மேடம். சும்மா சிரிச்சாங்க."

அவள் தேய்த்துக்கொண்டிருந்த சில்லு விரலிடுக்கில் நழுவி விளிம்பு உடைந்தது. ஒரு புதுச் சில்லை எடுத்து முதலிலிருந்து தொடங்கினாள். நெஞ்சில் குத்தியது என்னவோ உண்மை. ஆனால் அந்த ஜன்னலடியில் நின்று, ஏமாற்றப்பட்ட ஒருவரை நினைத்துக்கொண்டு சமைக்க வேண்டிய நிலைமை இனி இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. எது கனம் என்று அவள் நிறுத்துப் பார்க்கவில்லை.

இருபதாவதாகப் பார்த்த வீட்டைத்தான் கடைசியில் வாங்கினார்கள். சலவை நிலையம் ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறை. காலையிலிருந்து சாயந்திரம் வரை கீழே எந்திரங்கள் ஓடும், தரை லேசாக அதிரும். அதனாலேயே விலை இவர்கள் கைக்கு எட்டியது. விற்றவர் மனைவியை இழந்த ஒரு பெயின்ட் கடைக்காரர். பதிவு அலுவலகத்தில் அதே அதிகாரி, அதே மின்விசிறி. அவள் பத்திரத்தைக் கையில் வாங்கி முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, "உங்க பசங்களுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டாள். பெயின்ட் கடைக்காரர் ஆச்சரியப்பட்டு, அங்கேயே மகளுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். "வித்துத் தொலைங்கப்பா, அந்தச் சத்தத்துல மனுஷன் இருப்பானா?" என்று மகள் கத்தினாள். அறையே சிரித்தது. கையெழுத்தை அவள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் போட்டாள். கணவன் பேனா சரியில்லை என்று சொல்லி அதை இரண்டு தடவை உதறினான்.

குடிபோன அன்று மத்தியானம், மூட்டைகளுக்கு நடுவில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீழே எந்திரங்கள் வேகம் எடுத்தன. டம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக அசைந்தது. மகள் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, நம்ம வீடு ஓடுதுப்பா!"

"ஓடட்டும்" என்றான் அவன். "நான் ஓட்டல. இன்னிக்கு எனக்கு லீவு."

சோப்பு வாசனையோடு வெதுவெதுப்பான ஆவி ஜன்னல் வழியாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் எச்சில் கையோடே எழுந்துபோய், முழங்கையால் தள்ளி ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டாள்.